இரண்டாவது ஸ்போர்ட்ஸ் கார்: தேர்வு முதல் மலைப்பாதை வரை முழுமையான வழிகாட்டி

இரண்டாவது ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். காரை முதலில் பிடித்துவிடுகிறார்கள். அதை எங்கே நிறுத்துவது, எந்தச் சாலையில் ஓட்டுவது என்பதெல்லாம் அப்புறம்தான். சாலை, இடம், காப்பீடு, கார் என்ற வரிசையில் போனால் வீண் செலவும் எரிச்சலும் பெருமளவு குறையும். கீழே உள்ள படிகளும் அதே வரிசைதான்.

1. எந்தச் சாலைக்கு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

வருடத்துக்கு ஒருமுறை போகப்போகிற கனவுச் சாலையை ஒதுக்கி வையுங்கள். ஒரு காலைப்பொழுதுக்குள் போய்த் திரும்பக்கூடிய சாலை எது? அதுதான் கணக்கு. அந்தச் சாலைக்கு உங்களிடம் இருக்கும் காரிலேயே ஒருமுறை போய், நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: தார் எவ்வளவு மேடுபள்ளம், எதிரே ஒரு லாரி வந்தால் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது, வளைவுகள் நீளமானவையா குறுகலானவையா, மலை அடிவாரத்தை எட்டவே எத்தனை கி.மீ. நெடுஞ்சாலை ஓட வேண்டியிருக்கிறது.

குறுகலான, குண்டும் குழியுமான சாலைக்கு எடை குறைந்த, மெலிந்த, சஸ்பென்ஷன் கொஞ்சம் இளக்கமான கார் வேண்டும். மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற 1,000 முதல் 1,100 கிலோ வண்டி அங்கே ராஜா. அகலமான, நீண்ட வளைவுகள் கொண்ட சாலையில் அதே கார் சற்றுச் சலிப்பூட்டும். அங்கே போர்ஷே 911 போன்ற கனமான, வலுவான கார் பொருந்தும். அடிவாரத்துக்கே இரண்டு மணி நேரம் நெடுஞ்சாலை என்றால் இருக்கையும் இரைச்சலும் குதிரைத்திறனைவிட முக்கியம்.

இங்கே புதியவர்கள் செய்யும் தவறு, முதல் காரைவிட வேகமானதைத் தேடுவது. போர்ஷே 718 கேமன் ஜிடி4 மேனுவல் காரில் இரண்டாவது கியரே மணிக்கு 130 கி.மீ.யைத் தாண்டிவிடும். பொதுச் சாலையில் இரண்டாவது கியரைக்கூட முழுதாக இழுக்க முடியாத காரை வாங்கிவிட்டு, ஏன் ஓட்ட மனமே வரவில்லை என்று பிறகு யோசிப்பார்கள். சட்டம் அனுமதிக்கும் வேகத்துக்குள் கை கால்களுக்கு வேலை கொடுக்கும் கார்தான் மலைப்பாதைக்கு நல்ல கார்.

2. முதல் கார் செய்யாத வேலையைத் தேடுங்கள்

இரண்டு கார்களும் ஒரே வேலையைச் செய்தால் ஒன்று நிச்சயம் தூசி படியும். அதனால் என்ஜின் இருக்கும் இடம், எடை, கூரை, கியர்பாக்ஸ் ஆகிய நான்கில் குறைந்தது இரண்டிலாவது புதிய கார் பழையதற்கு நேரெதிராக இருக்கட்டும்.

முன்னால் என்ஜின், மூடிய கூரை, ஆட்டோமேட்டிக் என்று ஏற்கெனவே ஒன்று இருந்தால், நடுவில் என்ஜினும் மேனுவல் கியரும் உள்ள, கூரை திறக்கும் போர்ஷே பாக்ஸ்டர் வேறொரு உலகம். ஏற்கெனவே 911 வைத்திருப்பவர் இன்னொரு பின் என்ஜின் கார் வாங்குவதில் அர்த்தமில்லை; முதல் தலைமுறை லோட்டஸ் எலீஸின் சுமார் 725 கிலோ எடை அவருக்கு 911 ஒருபோதும் தராத ஒன்றைத் தரும். இருப்பதே திறந்த இலகுவான கார் என்றால், மழையிலும் குளிரிலும் இருவரோடும் பையோடும் தொலைதூரம் போகக்கூடிய மூடிய கார்தான் விடுபட்ட இடம்.

3. இடம், மின்சாரம், காப்பீடு: பணம் கொடுப்பதற்கு முன்

கார் நிறுத்துமிடத்தின் அகலத்தை அளந்தால் போதாது, கதவு திறந்த நிலையில் அளக்க வேண்டும். இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார்களின் கதவுகள் நீளமானவை. பக்கவாட்டில் 70 செ.மீ.யாவது இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் உடம்பை முறுக்கித்தான் இறங்க வேண்டும், என்றாவது ஒருநாள் கதவு விளிம்பு அடுத்த காரில் படும். நுழைவாயில் சரிவையும் பாருங்கள். முன் பம்பர் தரையிலிருந்து 10, 12 செ.மீ. உயரத்தில் இருக்கும் கார், செங்குத்தாகத் தொடங்கும் சரிவில் தினமும் உரசும்.

ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்த லிஃப்ட் போட நினைத்தால், இரண்டு கார்களின் உயரம், மேடையின் தடிமன், கை நுழையும் இடைவெளி எல்லாவற்றையும் கூட்டி, கூரையின் மிகத் தாழ்வான இடத்தோடு ஒப்பிடுங்கள். விளக்கும் ஷட்டர் சுருளும் இருக்கும் இடத்தில்தான் கணக்கு தவறும். தரை கான்கிரீட்டின் தடிமன் லிஃப்ட் நிறுவனம் கேட்கும் அளவுக்கு இருக்கிறதா என்பதும் முன்னமே தெரிய வேண்டும்.

ஒவ்வொரு காருக்கும் தனி மின் இணைப்பு வேண்டும், பேட்டரி மெயின்டெய்னருக்காக (நிற்கும் காரின் பேட்டரி காலியாகாமல் காக்கும் சிறு சார்ஜர்). நிறுத்தி வைத்த காரும் அலாரம், கடிகாரம், கணினி என்று மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் கசிவு என்றால் நாளுக்கு 1.2 ஆம்பியர் மணி. 60 ஆம்பியர் மணி பேட்டரி 25 நாளில் பாதி காலி. பாதிக்குக் கீழே அடிக்கடி இறங்கும் ஈய அமில பேட்டரி சீக்கிரம் சாகும். லித்தியம் பேட்டரி உள்ள கார் என்றால் லித்தியத்துக்கான சார்ஜர்தான் பயன்படுத்த வேண்டும். சாதாரண சார்ஜரின் பராமரிப்பு முறை அதைக் கெடுத்துவிடும்.

காப்பீட்டில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. கார் முழுதாகச் சேதமானால் தருவது முன்பே பேசி எழுதிக்கொண்ட மதிப்பா, அன்றைய சந்தை மதிப்பா? வருடத்துக்கு எத்தனை கி.மீ. வரை அனுமதி? மாற்று உதிரிபாகங்கள் போட்டிருந்தால் ஒத்துக்கொள்வார்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

4. காரைச் சோதிப்பது

இந்தப் படியில் அவசரப்படுபவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

பார்க்கப் போவதற்கு முன்பே, காரை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலையாக பேனட்டைத் திறந்து, என்ஜின் மூடியில் உள்ளங்கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் யாரோ முன்னமே ஓட்டிச் சூடாக்கிவிட்டார்கள் என்று பொருள். குளிர்ந்த என்ஜின்தான் உண்மை பேசும்: செயின் சத்தம், நீலப் புகை, தள்ளாடும் ஐடில் எல்லாம் முதல் 30 விநாடியில் தெரியும், சூடானதும் மறைந்துவிடும்.

பெயின்ட் தடிமனை மீட்டரால் அளங்கள். தொழிற்சாலைப் பெயின்ட் பொதுவாக 80 முதல் 150 மைக்ரான். 200க்கு மேல் என்றால் மறுபடி அடித்திருக்கிறார்கள்; 1,000ஐத் தொட்டால் கீழே பட்டி இருக்கிறது. அலுமினியப் பாகங்களுக்கு, இரும்பல்லாத உலோகத்தையும் அளக்கும் மீட்டர் வேண்டும். இல்லாவிட்டால் எண்ணே வராது. எலீஸ் போன்ற ஃபைபர் கிளாஸ் உடலில் இந்த மீட்டர் உதவாது. அங்கே பேனல் இடைவெளிகளையும் அடியில் உள்ள அலுமினியச் சட்டத்தையும் கண்ணால் பார்க்க வேண்டும்.

டயர் பக்கச்சுவரில் டாட் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரம். நான்கு டயருக்கும் நான்கு தேதி என்றால், ஒவ்வொன்றாக மாற்றிச் சமாளித்திருக்கிறார்கள். மற்ற பராமரிப்பும் அந்தத் தரத்தில்தான் இருக்கும் என்று ஊகிக்கலாம்.

காரின் கணினியைப் படிக்கும் ஓபிடி ரீடரைச் செருகி, பிழைக் குறியீடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். சுயசோதனைகள் முடிந்தனவா என்று காட்டும் பக்கத்தையும் திறங்கள். பல சோதனைகள் ‘முடியவில்லை’ என்று நின்றால், பிழைகளைச் சமீபத்தில் யாரோ அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். காரணம் கேளுங்கள். பல நாள் ஓட்டிய பிறகே அவை மீண்டும் நிறைவடையும் என்பதால் இதை மறைப்பது கடினம்.

கம்ப்ரஷன் சோதனையோடு லீக் டவுன் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். சிலிண்டருக்குள் காற்றை அழுத்தி, எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பதுதான் இது. 10 சதவீதத்துக்குள் நல்லது; 20ஐத் தாண்டினால் பேரம் பேச வேண்டாம், கிளம்பிவிடுங்கள். காற்று எங்கே போகிறது என்று காதால் கேட்பதில்தான் பயன் அதிகம். சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, காற்று உள்ளே போகும் குழாயில் கேட்டால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் ரிங், கூலண்டில் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கட்.

ஒவ்வொரு மாடலுக்கும் பெயர்போன பலவீனம் ஒன்று உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் பார்க்கப் போவது வீண்.

1997 முதல் 2008 வரையிலான சாதாரண 911, பாக்ஸ்டர், கேமன் கார்களின் எம்96, எம்97 என்ஜின்களில், கிராங்க் தண்டின் சுழற்சியை கேம் தண்டுகளுக்குக் கடத்தும் இடைத்தண்டின் பேரிங் உடைந்து என்ஜினையே அழிக்கக்கூடும். சிலிண்டர் சுவரில் கீறல் விழுவதும் உண்டு. 2009 மாடல் முதல் வந்த புதிய என்ஜினில் அந்த இடைத்தண்டே கிடையாது. அதனால் பழைய ஒன்றை வாங்கும் முன் ஆயில் ஃபில்டரைக் கழற்றி, வெட்டி, மடிப்புகளை விரித்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். ஜிகினா போல உலோகத்துகள் மின்னினால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். ஒரு காந்தத்தை வைத்து, ஒட்டுவது இரும்பா ஒட்டாதது அலுமினியமா என்றும் பார்க்கலாம். முன்னது பேரிங் பக்கம், பின்னது பிஸ்டன், சிலிண்டர் பக்கம் கை காட்டும்.

பிஎம்டபிள்யூ இ46 எம்3 என்றால் கனெக்டிங் ராட் பேரிங் மாற்றியதற்கான ரசீதும், பின் ஆக்சில் சட்டம் இணையும் தரைத்தகட்டில் விரிசல் இல்லை என்பதும் தெரிய வேண்டும். காரை மேலே தூக்காமல் இதைப் பார்க்க முடியாது. முதல் இரண்டு தலைமுறை எம்எக்ஸ்-5களில் பின் சக்கரத்துக்கு முன்னால், கதவுக்குக் கீழே ஓடும் ‘சில்’ எனப்படும் அடிவிளிம்பைத் தட்டிப் பாருங்கள். துணிக்கூரையின் வடிகால் குழாய் அடைத்தால் தண்ணீர் அதற்குள் தேங்கி, உள்ளிருந்தே துரு தின்னும். வெளியே குமிழ் தெரியும்போது உள்ளே ஒன்றும் மிஞ்சியிருக்காது.

மேனுவல் காரில் இன்னொரு ஆபத்து, ஓவர் ரெவ், அதாவது என்ஜின் தன் வரம்பை மீறிச் சுழல்வது. ஐந்தாவதுக்குப் பதில் மூன்றாவதில் தவறிப் போட்டால் சக்கரமே என்ஜினைச் சுழற்றும். எரிபொருளை வெட்டும் ரெவ் லிமிட்டரால் அதைத் தடுக்க முடியாது. நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை சுழலும் ஹோண்டா எஸ்2000 போன்ற என்ஜின்களில் அப்போது வால்வுப் பாகங்கள் விரிசல் விடும். போர்ஷே கணினிகள் இதை என்ஜின் சுழற்சி வரம்பு வாரியாக, எத்தனையாவது என்ஜின் மணி நேரத்தில் நடந்தது என்பதோடு பதிந்து வைத்திருக்கும். அந்த அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

சோதனை ஓட்டத்தில், குளிர்ந்த நிலையிலேயே இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றுங்கள். கறகறவென்றால் சிங்க்ரோ (கியர்களின் வேகத்தை ஒத்திசைக்கும் வளையம்) தேய்ந்திருக்கிறது. உயர் கியரில், குறைந்த ஆர்பிஎம்மில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். வேகம் ஏறாமல் முள் மட்டும் ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது.

5. வாங்கிய முதல் இரண்டு வாரம்

“போன மாதம்தான் சர்வீஸ் ஆச்சு” என்று விற்றவர் சொன்னாலும் எல்லாத் திரவங்களையும் மாற்றிவிடுங்கள். நீங்கள் பூஜ்ஜியம் வைத்த தேதி ஒன்று வேண்டும். இல்லையென்றால் பின்னால் எழும் எந்தச் சிக்கலுக்கும் தொடக்கம் தெரியாது.

முதலிடம் பிரேக் ஆயிலுக்கு. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். ஈரம் ஏறிவிட்டால் தர வரம்பே 155 டிகிரிதான். மலை இறக்கத்தில் இந்த வித்தியாசம் உயிர்ப் பிரச்சினை. டாட் 5.1க்கு இவை 260, 180. டாட் 5 என்பது சிலிகான், வேறு சாதி, 4, 5.1 இரண்டோடும் கலக்கவே கூடாது. எண்கள் அடுத்தடுத்து இருப்பதால் கடையில் மாற்றி வாங்கிவிடுபவர்கள் உண்டு.

அடுத்து டயர். பள்ளம் எவ்வளவு மிச்சமிருந்தாலும் ஆறு வயதைத் தாண்டியதை மாற்றுங்கள். குறைவாக ஓடும் ஸ்போர்ட்ஸ் காரில் டயர் தேய்வதற்கு முன் ரப்பர் இறுகிவிடும், ஈரத்தில் பிடிப்பு போய்விடும். டயர் மாற்றிய பிறகே வீல் அலைன்மென்ட்; முன்னால் செய்தால் இரண்டாம் முறை பணம் கட்ட வேண்டியதுதான்.

சக்கர போல்ட்களை டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கி, 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி சரிபாருங்கள். இரண்டு கார்களின் அளவும் வேறாக இருக்கும்; ஒரு அட்டையில் எழுதி ரெஞ்சின் பெட்டிக்குள்ளேயே வைப்பது நல்லது. ஜாக்கி வைக்கும் இடங்களும் அப்படித்தான்.

6. இரண்டையும் ஓடும் நிலையில் வைத்திருப்பது

எந்தக் காரும் மூன்று வாரத்துக்கு மேல் ஒரே இடத்தில் நிற்க வேண்டாம். எடுத்தால் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். கூலண்ட் முள் நடுவுக்கு வந்த பிறகும் ஆயில் சூடாக இன்னும் நேரம் பிடிக்கும். ஆயில் 80, 90 டிகிரியைத் தொட்டு நின்றால்தான் உள்ளே படிந்த ஈரம் ஆவியாகும். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பதுதான் மிகப் பரவலான தவறு. அதில் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலில் சேர்வதோடு சரி. ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால்கூடத் தேவலை.

மாதக்கணக்கில் நிறுத்துவதென்றால் முந்தைய நாள் என்ஜின் ஆயிலை மாற்றுங்கள். பழைய ஆயிலில் சேர்ந்த அமிலம் பேரிங்கில் உட்கார்ந்திருக்க வேண்டாம். டேங்கை நிரப்பி, எரிபொருள் ஸ்டெபிலைசர் சேர்த்து, அது இன்ஜெக்டர் வரை போகும்படி 10 கி.மீ. ஓட்டுங்கள். டயரில் வழக்கத்தைவிட 0.5 பார் (காற்றழுத்த அலகு) கூடுதலாக, பக்கச்சுவரில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டாமல் அடியுங்கள். அடிப்பாகம் தட்டையாவது குறையும். ஹேண்ட் பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், பேட் டிஸ்கில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க. பிளாஸ்டிக் உறை வேண்டாம், மூச்சுவிடும் துணி உறை போதும்.

கடைசியாக ஸ்டீயரிங்கில் ஒரு தாளைச் சொருகுங்கள்: நிறுத்திய தேதி, டயர் அழுத்தம், கட்டை வைத்த சக்கரங்கள், ஹேண்ட் பிரேக் விடப்பட்டிருக்கிறது என்ற குறிப்பு.

7. பாதையைத் திட்டமிடுவது

பேர்பெற்ற சாலை எல்லாம் ஓட்ட நல்ல சாலை அல்ல. இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் 2,757 மீட்டர் உயரம். வடகிழக்குப் பக்கம் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். படத்தில் பார்க்க அற்புதம். கோடைப் பகலில் போனால் சைக்கிளுக்கும் பேருந்துக்கும் பின்னால் முதல் கியரில் ஊர்வதுதான் வேலை. ஆஸ்திரியாவின் கிராஸ்கிளாக்னர் சாலை 48 கி.மீ., 36 வளைவு. கட்டணம் உண்டு, ஆனால் அகலமும் தரமும் அதற்கு ஈடு. அமெரிக்காவின் ‘டெயில் ஆஃப் தி டிராகன்’ சாலையில் 11 மைலுக்குள் 318 வளைவுகள். வார இறுதிகளில் மோட்டார் சைக்கிள் கூட்டம் மொய்க்கும். ருமேனியாவின் டிரான்ஸ்ஃபகராஷனும் ஸ்டெல்வியோவும் கிராஸ்கிளாக்னரும் பனிக்காலத்தில் மூடப்படும். திறக்கும் நாள் வருடத்துக்கு வருடம் மாறும் என்பதால் புறப்படும் வாரத்தில் சரிபாருங்கள்.

வரைபடத்தில் வளைவுகளை மட்டும் பார்க்காமல் உயரக்கோடுகளையும் செயற்கைக்கோள் படத்தையும் சேர்த்துப் பாருங்கள். அடர்ந்த மரங்களுக்குள் போகும் பாதையில் வளைவுக்கு அப்பால் ஒன்றும் தெரியாது, இலையும் ஈரமும் கிடக்கும். புல்வெளிச் சரிவில் போகும் பாதையில் மூன்று வளைவுகள் முன்கூட்டியே தெரியும். இரண்டாவதில்தான் ஓட்டும் சுகம்.

காலையில் மேற்கு நோக்கியும் மாலையில் கிழக்கு நோக்கியும் ஓடும்படி சுற்றுப்பாதையை அமையுங்கள். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும். வளைந்த சாலையில் நாளுக்கு 250 கி.மீ. போதும். அதற்கு மேல் கவனம் சிதறும், ரசிக்கவும் முடியாது. பெட்ரோல் பங்க்குகளைக் குறித்து, அரை டேங்கிலேயே நிரப்புங்கள். சிறிய டேங்கும் ஏற்றத்தில் கூடும் செலவும் சேர்ந்து, மீட்டர் காட்டும் மிச்ச தூரத்தைப் பொய்யாக்கும்.

8. புறப்படும் காலை

டயர் அழுத்தத்தை, ஓட்டுவதற்கு முன், குளிர்ந்த நிலையில் அளங்கள். வெப்பம் 10 டிகிரி கூடினால் அழுத்தம் சுமார் 0.1 பார் கூடும். ஓடிய டயரில் அளந்து ‘அதிகமாக இருக்கிறதே’ என்று காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலை குறைவாக நிற்கும். வெளியே 7 டிகிரிக்குக் கீழே என்றால் கோடைக்கால ஸ்போர்ட்ஸ் டயர் இறுகிப் பிடிப்பை இழக்கும். கீழே வெயிலாக இருந்தாலும் கணவாய் உச்சியில் அதிகாலை நிலவரம் வேறு.

பல ஸ்போர்ட்ஸ் கார்களில் ஸ்டெப்னி கிடையாது. அதற்குப் பதில் கொடுத்திருக்கும், பஞ்சரை அடைக்கும் சீலன்ட் காலாவதியாகவில்லையா என்று பாருங்கள். பக்கச்சுவர் கிழிந்தால் அது உதவாது என்பதும் நினைவிருக்கட்டும். சக்கரப் பூட்டு போல்ட்டின் சாவியும் இழுவைக் கொக்கியும் காருக்குள் இருக்கின்றனவா என்று கையால் தொட்டு உறுதிசெய்யுங்கள், ஏனென்றால் இரண்டு கார் வீட்டில் அவை மற்ற காரின் டிக்கியில்தான் கிடக்கும். சில கார்களில் இழுவைக் கொக்கி இடப்பக்கம் சுற்றினால்தான் இறுகும். சரியான தரத்தில் ஒரு லிட்டர் ஆயில், கையுறை, டார்ச், இணையமில்லாமல் ஓடும் வரைபடம். இவ்வளவுதான் சாமான்.

9. மலையில் ஓட்டுவது

முதல் 20 கி.மீ. நிதானமாகப் போங்கள். ஆயிலும் டயரும் சூடாக வேண்டும் என்பது பாதிக் காரணம். மீதி, உங்கள் கால் இன்னும் மற்ற காரிலேயே இருக்கிறது. பிரேக் எங்கே பிடிக்கிறது, கிளட்ச் எங்கே ஒட்டுகிறது, ஸ்டீயரிங் எவ்வளவு திருப்பினால் எவ்வளவு வளைகிறது, வலது இடது விளிம்புகள் எங்கே முடிகின்றன எல்லாமே மாறியிருக்கும். கார் மாற்றி ஓட்டும் நாளின் முதல் அரை மணி நேரத்தில்தான் கர்ப் கல்லில் சக்கரம் உரசும்.

வளைவில் வேகத்தை எதை வைத்து முடிவு செய்வது? சாலையின் இரண்டு ஓரங்களும் கண்ணுக்கு ஒன்று சேர்வதுபோல் தெரியும் புள்ளியைப் பாருங்கள். நீங்கள் நெருங்க நெருங்க அது விலகி ஓடினால் வளைவு விரிகிறது. மெல்ல ஆக்சிலரேட்டர் கொடுக்கலாம். அது அசையாமல் நின்று உங்களை நோக்கி வருவதுபோல் தோன்றினால் வளைவு இறுகுகிறது; திருப்பும் முன்பே வேகத்தைக் குறையுங்கள். எப்போதும் அந்தப் புள்ளிக்குள், உங்கள் பாதிச் சாலைக்குள், முழுதாக நிறுத்தக்கூடிய வேகம்தான் உச்ச வரம்பு.

பிரேக்கின் பெரும்பகுதியையும் கியர் குறைப்பையும் நேராக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். கொண்டை ஊசி வளைவில் உங்கள் தடத்தின் வெளி ஓரத்திலேயே கொஞ்சம் கூடுதலாகப் போய், தாமதமாகத் திருப்புங்கள். சீக்கிரம் திருப்பினால் வெளியேறும்போது கார் எதிர்த் தடத்துக்குள் தள்ளப்படும். புதியவர்கள் எதிர் வண்டியைச் சந்திப்பது பெரும்பாலும் அங்கேதான்.

ஒவ்வொரு அமைப்புக்கும் ஒரு குணம். 911 காரில் எடையின் 60 சதவீதம் வரை பின்னால். நுழையும்போது பிரேக்கை மெல்ல விட்டுக்கொண்டே திருப்பினால்தான் முன்டயர் கடிக்கும். நடு என்ஜின் கார் சட்டென்று திரும்பும், ஆனால் வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பின்பக்கம் முந்திக்கொண்டு வரும். முன் என்ஜின், பின் சக்கர இழுவைக் கார் ஈரத்தில் ஆக்சிலரேட்டரைச் சீக்கிரம் மிதித்தால் வால் ஆட்டும். ஒரு காரில் பழகிய கை அடுத்த காரில் தவறு செய்வது இதனால்தான்.

உயரம் ஏற ஏற காற்று மெலிவதால் டர்போ இல்லாத என்ஜின் 1,000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் வலு இழக்கும். ஸ்டெல்வியோ உச்சியில் கால்வாசி போய்விடும். கார் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். முந்திச் செல்லும் தூரத்தை மட்டும் கூட்டிக் கணக்கிடுங்கள்.

குறுகிய இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். ஏற்றத்தில் நின்று கிளம்புவது சிரமம். பின்னால் யாராவது நெருக்கினால் ஒதுங்கி விட்டுவிடுங்கள். இரண்டு கார்களில் நண்பர்களோடு போனால் ஒருவரை ஒருவர் துரத்தாமல், அடுத்துச் சேரும் இடத்தை முன்பே பேசி வைத்து, அவரவர் வேகத்தில் போவது நல்லது. பின்னால் வருபவர் சாலையைப் பார்க்காமல் முன் காரின் விளக்கைப் பார்த்து ஓட்டத் தொடங்கினால் விபத்து தூரத்தில் இல்லை.

10. இறக்கமும் அதன் பிறகும்

ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர். ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் முறைக்கு மாற்றுங்கள். பிரேக்கை நீண்ட நேரம் தேய்த்தபடி இறங்காமல், அழுத்திக் குறைத்து முழுதாக விடுங்கள். விடும் நேரத்தில்தான் டிஸ்க் ஆறும்.

பிரேக் தோற்கும் விதம் இரண்டு. பெடல் கெட்டியாக இருந்தும் கார் நிற்கவில்லை என்றால் பேட் சூடேறிவிட்டது. கியரைக் குறைத்து, வேகத்தை இறக்கி, ஆறவிட்டால் திரும்பிவிடும். பெடல் பஞ்சுபோல் உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. பலமுறை மிதித்து அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே கியரால் நிறுத்துங்கள். பிறகு ஆறியதும் சரியானதுபோல் தோன்றினாலும் ஆயிலை மாற்றாமல் அடுத்த இறக்கத்தில் இறங்க வேண்டாம்.

அடிவாரம் வந்ததும் கடைசி சில கி.மீ. பிரேக்கைத் தொடாமல் மிதமாக ஓட்டி, டிஸ்கையும் டர்போவையும் ஆறவிடுங்கள். நின்றதும் பிரேக் பெடலை அழுத்தியபடி இருக்காதீர்கள். கொதிக்கும் பேட் டிஸ்கில் அச்சுப்போல் படிந்து, பிறகு ஒவ்வொரு பிரேக்கிலும் ஸ்டீயரிங் அதிரும். சமதளத்தில் நிறுத்தி, கியரில் விட்டு, ஹேண்ட் பிரேக் இல்லாமல் கட்டை வையுங்கள்.

மறுநாள் கார் ஆறிய பிறகு ஆயில் அளவு, டயரின் உட்பக்க விளிம்பு, பேட் தடிமன் மூன்றையும் பாருங்கள். உட்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் நகர்ந்திருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதிதாகவே தெரியும், அதனால் ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பி வைத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பனிக்கு உப்பு தூவிய சாலை என்றால் அன்றே அடிப்பாகத்தைத் தண்ணீரால் கழுவி, பத்து நிமிடம் ஓட்டிக் காயவிட்டுப் பிறகு உறை போடுங்கள்.